வரி மிச்சமாகும் என்று வீடு வாங்கலாமா?

"எனக்கு வருடச் சம்பளம் 15 லட்சம், மனைவிக்கு 9 லட்சம். மேடவாக்கத்தில் 18,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். பக்கத்திலேயே 60 லட்சத்துக்கு ஒரு புது ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறோம். கையில் 20 லட்சம் இருக்கிறது. வட்டி நன்றாக இறங்கியிருக்கிறது, ஹவுசிங் லோன் போட்டால் வரியும் மிச்சமாகும், யோசிக்காமல் வாங்கு என்கிறார் நண்பர். வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டாலும், நண்பர் சொன்ன இரண்டு காரணங்களும் நிற்குமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். வரி என்ற காரணம் உங்கள் விஷயத்தில் நிற்காது. வட்டி என்ற காரணம் பாதி நிற்கும். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த 20 லட்சம் போதுமா? எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. 24 வருடம் வங்கியில் இருந்தேன், அதில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன் பிரிவில்தான். கடன் கட்ட முடியாமல் வந்து உட்கார்ந்தவர்களில் பலர் சம்பளம் குறைந்தவர்கள் அல்ல. பதிவு முடிந்த அன்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றவர்கள்தான்.

முதலில் வரி. உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, பழைய கணக்கைச் சொல்கிறார். சுயமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு 24(பி) பிரிவில் வருடம் 2 லட்சம் வரை, திருப்பிக் கட்டும் அசலுக்கு 80சி பிரிவில் 1.5 லட்சம் வரை கழிவு உண்டு, அதாவது வரி போடும் வருமானத்திலிருந்து அவ்வளவைக் கழித்துக்கொள்ளலாம். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறும். எல்லோருக்கும் பழகிய எண்களையே சொல்கிறேன்.) இரண்டும் சேர்ந்தால் 3.5 லட்சம். உங்கள் சம்பளத்துக்கு அது முழுக்க 30 சதவீத அடுக்கில் விழும். வரியின் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 1,09,200 ரூபாய் மிச்சம். ஒரு காலத்தில் நாங்களே கவுன்டரில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டித்தான் கடன் விற்றோம்.

ஆனால் இந்தக் கழிவுகள் பழைய வரி முறையில் மட்டும்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பு முறை. பழையது வேண்டுமென்றால் நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் 2025 பட்ஜெட்டில் புதிய முறையின் அடுக்குகளை நன்றாகத் தளர்த்திவிட்டார்கள். உங்களுக்கே போட்டுப் பார்ப்போம். புதிய முறையில் 15 லட்சத்தில், சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போக 14.25 லட்சம். வரி 93,750, செஸ்ஸோடு 97,500. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, வட்டி 2 லட்சம், 80சி 1.5 லட்சம் எல்லாம் போக 11 லட்சம். வரி 1,42,500, செஸ்ஸோடு 1,48,200. கடனே வாங்காமல் புதிய முறையில் கட்டும் வரி, கடன் வாங்கி எல்லாக் கழிவையும் பிடித்துப் பழைய முறையில் கட்டும் வரியைவிட 50,700 ரூபாய் குறைவு. பழைய முறை உங்களுக்கு லாபமாக வேண்டுமென்றால் நிலையான கழிவு தவிர ஏறத்தாழ 5.44 லட்சத்துக்குக் கழிவு காட்ட வேண்டும். வீட்டுக் கடன் 3.5 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. சொந்த வீட்டில் குடியேறிய பிறகு சம்பளத்தில் வரும் வாடகைப்படியையும் (எச்ஆர்ஏ) கழிவாகக் காட்ட முடியாது. மெடிக்கல் பாலிசி, என்பிஎஸ் என்ற ஓய்வூதியத் திட்டம் என்று எதை இழுத்துப் பிடித்தாலும் எட்டுவது கஷ்டம். அதிலும் உங்கள் பிஎஃப் பிடித்தமே 80சியில் ஒரு பங்கைத் தின்றிருக்கும்.

"சரி, மனைவியையும் சேர்த்து ஜாயின்ட் லோன் போட்டால் ஆளுக்கு 2 லட்சம் கிடைக்குமே" என்பார்கள். இருவரும் உரிமையாளர்களாகவும் கடன்தாரர்களாகவும் இருந்தால் பழைய முறையில் கிடைக்கும், சரிதான். ஆனால் உங்கள் மனைவிக்கு 9 லட்சம் சம்பளம். புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளக்காரர்களுக்கு வரியே வராது. இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? அவர் பெயரைச் சேர்ப்பதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. சொத்தில் உரிமை, கடன் தகுதி, சில வங்கிகளில் பெண்களுக்கு 0.05 சதவீத வட்டிச் சலுகை. அதற்காகச் சேருங்கள், வரிக்காக வேண்டாம். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழக அரசு 2025 ஏப்ரலில் கொண்டுவந்தது 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்துகளுக்குத்தான். உங்கள் ஃபிளாட்டுக்குப் பொருந்தாது.

யாருக்குப் பழைய முறை இன்னும் கைகொடுக்கும் என்றால், மதுரையில் கடனில் வீடு கட்டிவிட்டு, சென்னையில் பெரிய வாடகை கொடுத்து இருப்பவர் மாதிரி ஆட்களுக்கு. அவர் வாடகைப்படி, வீட்டுக் கடன் வட்டி இரண்டையுமே காட்டலாம். அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. வீட்டை வாடகைக்கு விட்டால் புதிய முறையிலும் அந்த வாடகை வருமானத்திலிருந்து வட்டியைக் கழிக்கலாம். ஆனால் வாடகையைப் பூஜ்யமாக்குவதோடு சரி, மீதி நஷ்டம் சம்பளத்தின் பக்கம் வராது. இணையத்தில் இன்னும் 80இஇஏ பிரிவு என்று வீட்டுக் கடன் வட்டிக்கு 1.5 லட்சம் கூடுதல் கழிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. 2022 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான் அது.

அடுத்து வட்டி. இறங்கியிருப்பது உண்மைதான். ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்குப் போய் இரண்டு வருடம் அங்கேயே நின்றது. 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என்று நான்கு தடவை குறைத்து 5.25க்குக் கொண்டுவந்தார்கள். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ மாதிரி வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டியாக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் இறங்கினாலும் ஏறினாலும் சீக்கிரம் உங்களை வந்து சேரும். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் தங்களுடைய சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்ளலாம். கடன் எடுக்கும்போது "இது எதோடு லிங்க் ஆகியிருக்கிறது, அதற்கு மேல் உங்கள் மார்ஜின் எவ்வளவு" என்ற இரண்டையும் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வட்டியைவிட இதுதான் 20 வருடம் கூட வரும்.

ஆனால் இன்றைய வட்டியைப் பார்த்து 20 வருடக் கடனை முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2021இல் ரெப்போ 4 சதவீதமாக இருந்தபோது 6.9 சதவீத வட்டிக்கு 40 லட்சம் எடுத்த ஒருவர், 2023 கடைசியில் கணக்கு விவரத்தை அச்செடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். வரிசையாகச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். "சார், மாசம் 30,772 கட்டுறேன். அசல்ல ஆயிரம் ரூபாகூட கொறையல. யாரோ திருடுறாங்க." யாரும் திருடவில்லை. ரெப்போ இரண்டரை சதவீதம் ஏறியதில் அவர் வட்டி 9.4 ஆகிவிட்டது. இஎம்ஐயை ஏற்றாமல் தவணைக் காலத்தைத் தானாக நீட்டிவிட்டது சிஸ்டம். தகவல் குறுஞ்செய்தியாகப் போயிருக்கிறது, அவர் பார்க்கவில்லை. எங்கள் பக்கமும் ஒரு ஃபோன் போட்டிருக்கலாம், போடவில்லை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும். கேட்டால் இஎம்ஐயைக் கூட்டச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

ஏன் என்று எண்ணில் பாருங்கள். கடன் 48 லட்சம் (ஏன் 48 என்பது கீழே வரும்), 8 சதவீதம், 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் இஎம்ஐ ஏறத்தாழ 40,150. முதல் மாதம் அதில் 32,000 வட்டி, 8,150 அசல். முதல் வருட வட்டி மட்டும் 3.8 லட்சம் வரும். வட்டி 9 ஆகி இஎம்ஐ அப்படியே இருந்தால் 240 மாதம் 304 மாதமாகிவிடும். ஒரே ஒரு சதவீதத்துக்கு ஐந்து வருடத்துக்கு மேல் கூடுகிறது. அதே கணிதம் நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். வருடத்துக்கு ஒரு இஎம்ஐ கூடுதலாகக் கட்டினால் மூன்று வருடத்துக்கு மேல் குறையும். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் தயங்காமல் கட்டுங்கள். வட்டி எந்தப் பக்கம் போகும் என்று என்னைக் கேட்காதீர்கள். இத்தனை வருடத்தில் சரியாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை, பொருளாதார நிபுணர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இஎம்ஐ 45,000 ஆனாலும் தாங்குவீர்களா என்று மட்டும் பாருங்கள். இரண்டு சம்பளத்தில் தாங்கும். ஒருவர் இரண்டு வருடம் வேலைக்குப் போக முடியாமல் போனால் தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி அந்த 20 லட்சம். அதைக் கொடுத்துவிட்டு 40 லட்சம் கடன் என்று மனக்கணக்கு போட்டிருப்பீர்கள். அப்படி வராது. பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு, 2023 டிசம்பர் முதல் நிலத்தின் பிரிபடாத பங்கையும் (மொத்த மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு வரும் பங்கு) கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பில் பதிய வேண்டும். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. 60 லட்சத்துக்கு 4.2 லட்சம். (பழைய ஃபிளாட்டை மறுவிற்பனையில் வாங்கினால் 7ம் 2ம் சேர்த்து 9 சதவீதம்.) இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற வீடு என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 3 லட்சம். நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரலாம், பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கக் கூடாது. ஆக வங்கி 48 தரும், நீங்கள் 12 போட வேண்டும். 20இல் 12 போக 8. அதில் பதிவு 4.2 போக 3.8. ஜிஎஸ்டி 3 போக 80,000 ரூபாய். அதில் வங்கியின் பிராசஸிங் கட்டணம், வக்கீல் கட்டணம், பத்திரத்தை வங்கியிடம் அடமானம் வைப்பதற்கான எம்ஓடி பதிவு, மின் இணைப்பு டெபாசிட், குடியிருப்போர் சங்கத்தின் கார்ப்பஸ் நிதி, அலமாரி, கொசுவலை, ஃபேன். கிரகப்பிரவேசத்துக்கே பத்தாது. மிச்சத்துக்குப் பர்சனல் லோன் போடுவார்கள். நான் பார்த்த பிரச்சினைக் கணக்குகளில் பாதி இப்படித்தான் தொடங்கியவை.

கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில் இன்னொரு பாரம் உண்டு. கடனில் 60 சதவீதத்தை வங்கி கொடுத்த நிலையில் கட்டட வேலை நின்றது என்று வையுங்கள். 28.8 லட்சத்துக்கு மாதம் 19,200 வட்டி, கூடவே 18,000 வாடகை. சாவி கைக்கு வரும்வரை இரண்டும் ஓடும். அசல் ஒரு ரூபாய் குறையாது.

அதனால் என் கருத்து இது. இந்த ஊரில் குறைந்தது ஏழெட்டு வருடம் இருக்கப் போகிறீர்கள், பிள்ளைகள் பள்ளி இங்கேதான் என்றால் வீடு வாங்குவதில் தப்பில்லை. கணக்கு மட்டும் பார்த்தால் வாடகைதான் மலிவு. வருடம் 2.16 லட்சம் வாடகை 60 லட்சத்தில் 3.6 சதவீதம்தான், கடன் வட்டி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லும் பயம் இல்லாமல் சுவரில் ஆணி அடிப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை எக்ஸெலில் போட முடியாது. நானும் அப்படித்தான் வாங்கினேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிறைவுச் சான்று கிடைத்த வீடாகப் பார்ப்பேன், அல்லது விலையை 50 லட்சத்துக்குள் கொண்டுவருவேன். 50க்குள் வந்தால் முத்திரைத் தீர்வையே ஒரு சதவீதம் குறைகிறது. இரண்டும் இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் சேர்ப்பேன். பதிவு முடிந்த பிறகு ஆறு மாத வீட்டுச் செலவும் இஎம்ஐயும் கையில் நிற்க வேண்டும் என்பது என் அளவுகோல். இது விதி ஒன்றும் இல்லை, பட்டு வந்தது. கட்டி முடித்த வீட்டுக்கு பில்டர் சதுர அடிக்குக் கூடுதலாகவே கேட்பார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி இல்லை, இரட்டைப் பாரம் இல்லை என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பத்திரங்களைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. நான் பார்க்காத காகிதத்துக்குக் கருத்துச் சொல்ல முடியாது, ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். வங்கி கடன் கொடுத்தால் டாக்குமென்ட் சரி என்று நிம்மதியாகிவிடாதீர்கள். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பணம் பத்திரமா என்பதை. தாய்ப் பத்திரத்திலிருந்து வரிசையாக வந்து, 30 வருட வில்லங்கச் சான்றோடு ஒப்பிட்டு, உங்களுக்கென்று ஒரு வக்கீல் எழுதித் தரட்டும். வில்லங்கச் சான்றில் பதிவான விஷயங்கள்தான் வரும். பதியாத உயில், வாரிசுத் தகராறு எல்லாம் அதில் வராது. ஃபிளாட் என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் வரைபடத்தில் உங்கள் தளமும் உங்கள் ஃபிளாட்டும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திர வரைவில் எழுத்தில் இருக்க வேண்டும். கட்டடத் திட்டங்களைப் பதிந்து கண்காணிக்கும் தமிழ்நாடு ரேரா ஆணையத்தின் இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, முடிப்பதாகச் சொன்ன தேதியையும் பாருங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருப்பதால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது நீங்கள். இது கூடுதல் செலவு இல்லை, விலையிலிருந்து கழிப்பது. மறந்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில். மறுவிற்பனையில் விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் இந்த 1 சதவீதக் கணக்கே செல்லாது, பிடித்தம் பல மடங்கு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள். அடுத்தது, கடன் கையெழுத்துப் போடும் நாளில் ஒன்றரை, இரண்டு லட்ச ரூபாய்க்கு ஒரு ஒற்றைப் பிரீமிய இன்சூரன்ஸைக் கடனோடு சேர்த்து நீட்டுவார்கள், கட்டாயம் என்பார்கள். கட்டாயம் இல்லை. எங்களுக்கு அதற்கு டார்கெட் இருந்தது, அவ்வளவுதான். கடனை மூடும் அளவுக்கு உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் தனியாக டேர்ம் பாலிசி எடுங்கள். பெரும்பாலும் மலிவாகவும் முடியும், வங்கியை மாற்றினாலும் கூடவே வரும்.

அந்த ஃபிளாட்டுக்கு நிறைவுச் சான்று வந்துவிட்டதா, பில்டர் கொடுத்த விலைப் பட்டியலில் கார் பார்க்கிங்குக்கும் "இதர கட்டணங்கள்" என்பதற்கும் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று எழுதுங்கள். 60 லட்சம் என்று அவர் சொன்னது எதையெல்லாம் சேர்த்த 60 என்று தெரிந்தால் மேலே போட்ட கணக்கைத் திருத்தித் தருகிறேன்.